காற்றுமணிக்கு மட்டும் காசு கொடுக்கலாம்

பங்குனி மூன்றாம் வாரம். ஒரு கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டுக்குக் கை ஜாயின்ட் போட்டுக்கொண்டிருந்தேன். வெண்ணெய் நிறப் பட்டு. மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு வேர்வை நேராக அதன் தோள்பட்டையில் விழுந்தது. பட்டில் விழுந்த கறையை எடுப்பது என்ன பாடு என்று தைக்கிறவர்களுக்குத் தெரியும். அந்தத் துண்டை மறுபடி வெட்டித் தைக்கவும் துணி மிச்சமில்லை. ஃபேனைக் கூட்டி வைக்கலாமே என்பீர்கள். கூட்டினால் வெட்டி வைத்த துணியெல்லாம் பறக்கும். தையல் அறையில் ஃபேன் எப்போதும் ஒன்றில்தான் சுற்றும்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் ஃபோனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது அந்தப் படம் கண்ணில் பட்டது. மரத் தாழ்வாரம், மூங்கில் திரை, காற்றில் ஆடுகிற கண்ணாடி மணி ஒன்று, தட்டில் வெட்டி வைத்த தர்பூசணி. ஜப்பானியக் கோடையின் அமைதி உங்கள் வீட்டிலும் என்று எழுதியிருந்தது. ஆறு சாமான், 4,850 ரூபாய். வேர்வை சொட்டின ஆத்திரத்தில் வாங்கிவிட்டேன். காலையில் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "ஏம்புள்ள, கூட ரெண்டாயிரம் போட்டா ஒரு ஏர்கூலரே வந்திருக்குமே" என்றார். அது நியாயமான கேள்விதான். நாலு மாசம் புழங்கிப் பார்த்துவிட்டு, ஆடி பிறந்த பிறகு இதை எழுதுகிறேன்.

எங்கள் இடத்தைச் சொல்லாமல் இந்தச் சாமான்களைப் பற்றிச் சொல்ல முடியாது. பாலக்காட்டு ஜில்லா, சித்தூர் தாலுக்கா, கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே உள்ளடங்கிய ஊர். பின்கோடு 678-ல் ஆரம்பிக்கும், ரேஷன் கார்டு மலையாளத்தில் இருக்கும், வீட்டில் பேசுவது கொங்குத் தமிழ். கேரளா என்றதும் தோணியும் காயலும் நினைக்கிறவர்கள் எங்கள் பக்கம் வந்தால் வரிசையாகப் பனைமரத்தைத்தான் பார்ப்பார்கள். மழை மறைவுப் பகுதி. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மலை இல்லாமல் ஒரு வாசல் திறந்து கிடக்கிறதே, அந்த வாசற்படியில் குடியிருக்கிறோம். பங்குனி, சித்திரையில் பொரிந்துபோவோம். மற்ற மாசங்களில் காற்று ஆளைத் தள்ளும். இந்தக் காற்று விஷயம் பின்னால் வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு பழைய ஓட்டு வீடு. அதன் முன்னால் பத்து வருஷத்துக்கு முன்பு மேற்குப் பார்த்து ஒரு கான்கிரீட் அறை போட்டோம். அதுதான் என் கடை. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் அந்த ஜன்னலில் வெயில் நேராக விழும்.

பெட்டி வந்த கதையை நீட்ட வேண்டாம். கூரியர்க்காரர் எங்கள் ஊர் தமிழ்நாட்டு வண்டியில் வருமா, கேரளா வண்டியில் வருமா என்று தெரியாமல் நான்கு நாள் வைத்திருந்தார். கடைசியில் நானே பஸ் ஏறிப் போய் எடுத்து வந்தேன். பிரித்தால் மணி மூன்று துண்டாக இருந்தது. மாற்று மணி வர 19 நாள். அதற்குள் விற்றவர்களோடு மலையாளத்தில் இரண்டு தடவையும், எனக்குத் தெரிந்த இந்தியில் ஒரு தடவையும் சண்டை போட்டாகிவிட்டது. கண்ணாடிச் சாமானைச் சுற்ற ஒரு முழம் பஞ்சுக் காகிதம் வைத்தால் அவர்களுக்கு என்ன குறைந்துவிடும்?

இதற்கிடையில் என் அண்ணன் மகன் வந்தான். அவன் ஜப்பானில் சைத்தாமாவில் ஒரு ஃபேக்டரியில் வேலை பார்க்கிறான். ஏப்ரல் கடைசியிலும் மே முதல் வாரத்திலும் அங்கே அரசு விடுமுறைகள் அடுத்தடுத்து வரும், அதோடு லீவு சேர்த்துப்போட்டு ஊருக்கு வந்திருந்தான். பெட்டியைப் பார்த்துச் சிரித்தான். "அத்தே, இதுல அங்க செஞ்சது ஒண்ணுகூட இல்லீங்க" என்றான். எனக்குப் பெரிய வருத்தமில்லை. எங்கே செய்தால் என்ன, வேலை செய்தால் சரி. ஆனால் ஒவ்வொரு சாமானையும் அங்கே எப்படிப் புழங்குகிறார்கள் என்று அவன் சொன்னதுதான் எனக்குப் பெட்டியைவிட உபயோகமாக இருந்தது. பெட்டிக்குள் இருந்த துண்டுச்சீட்டில் அதில் பாதிகூட இல்லை.

முதலில் மூங்கில் திரை. அங்கே சுதாரே என்கிறார்கள். வத்திக்குச்சியைவிடச் சற்றே தடித்த மூங்கில் குச்சிகளைப் பருத்தி நூலால் வரிசையாகக் கோத்தது. மூன்றடி அகலம், ஆறடி உயரம். சீட்டில் போட்டிருந்த படத்தில் ஜன்னலுக்கு உள்பக்கம் தொங்கியது, அதனால் நானும் உள்பக்கமே மாட்டினேன். பார்க்க நன்றாக இருந்தது. வரி வரியாக நிழல் மெஷின் மேல் விழுந்தது. ஆனால் வேர்வை நிற்கவில்லை. என் பையன் பரீட்சைக்குப் படிக்க வாங்கின மேஜைக் கடிகாரத்தில் உஷ்ணமும் காட்டும். மூன்றரை மணிக்குப் பார்த்தேன். திரை இல்லாத நாளில் 38.2, திரை போட்ட நாளில் 37.6.

அண்ணன் மகன் வந்ததும் முதல் வேலையாக அதைக் கழற்றி வெளியே மாட்டினான், சன்ஷேடுக்குக் கீழே, ஜன்னல் கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு. அங்கே எப்போதும் இறவாரத்துக்குக் கீழே வெளியேதான் கட்டுவார்களாம். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால், பிறகு உள்ளே எதை வைத்து மறைத்தாலும் அந்தச் சூடு அறைக்குள்தான் கிடக்கும். வெளியே மறித்தால் திரைதான் காயும், அந்தச் சூட்டையும் காற்று கொண்டுபோய்விடும். அதே மாதிரி வெயில் அடித்த இன்னொரு நாள், அதே மூன்றரை மணி, 35.9. இரண்டேகால் டிகிரிக்கு மேல் குறைவு. என் கடிகாரம் ஆய்வுக்கூடத்துக் கருவி இல்லை, ஆனால் என் மூக்கு நுனிக்கு அந்த வித்தியாசம் தெரிந்தது.

அப்படியானால் வாங்கலாமா? வேண்டாம். இந்தத் திரையின் பருத்தி நூல் வெளி வெயிலில் ஆறே வாரத்தில் நைந்து, கீழ்ப்பக்கக் குச்சிகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. நான் நைலான் நூலால் நான்கு வரிசை மறுபடி கட்டினேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று. பொள்ளாச்சி ரோட்டோரம் மூங்கில் தட்டி முடைகிறவர்களிடம் இதே அளவு சொன்னால் பாதி விலைக்குள் தடிமனாகவே செய்து கொடுப்பார்கள். மாட்டுகிற இடம் மட்டும் ஜப்பான்காரர்களிடம் கற்றுக்கொண்டதாக இருக்கட்டும். வெட்டிவேர்த் தட்டி இன்னும் உசத்தி இல்லையா என்று கேட்பார்கள். உசத்திதான், வாசனையும் உண்டு. ஆனால் அதற்கு நாளுக்கு மூன்று தடவை தண்ணீர் அடிக்க வேண்டும். எங்கள் ஊரில் சித்திரையில் குடிக்கவே லாரித் தண்ணீர். அந்தக் கணக்கில் காய்ந்த மூங்கில்தான் எங்களுக்குக் கட்டும்.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. வாசலில் நீர் தெளித்துக் குளிர்ச்சியை வரவழையுங்கள் என்று சீட்டில் ஒரு வரி இருந்தது. என் மாமியார் அதைக் கேட்டுவிட்டு, "வாசத் தெளிக்கறதுக்குச் சப்பான்காரன் வந்து சொல்லோணுமாக்கும்" என்றார். நான் மூன்று மணிக்கு முன்வாசல் சிமெண்டுத் தரையில் இரண்டு பக்கெட் ஊற்றிப் பார்த்தேன். சுர்ரென்று ஆவி கிளம்பி அறைக்குள் வந்து, புட்டுக்குடத்துக்குள் உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டது. காலையில் சீக்கிரம், இல்லாவிட்டால் பொழுது சாய்ந்து தரையில் நிழல் விழுந்த பிறகுதான் தெளிக்க வேண்டும் என்று பிறகு தெரிந்தது. 2003-ல் டோக்கியோவில் இதை ஊர் கூடிச் செய்ய ஓர் இயக்கமே ஆரம்பித்தார்கள். அதில் ஒரு கட்டுப்பாடு, குழாய்த் தண்ணீர் கூடாது, குளித்த தண்ணீரும் மழைத் தண்ணீருமாக ஒரு தடவை புழங்கினதைத்தான் ஊற்ற வேண்டும். இதைக் கேட்டதும் எனக்கு அவர்கள் மேல் மரியாதை வந்தது. இப்போது துணி அலசின தண்ணீரை அஞ்சரை மணிக்கு மேல் ஊற்றுகிறேன். ஆறு மணிக்கு வருகிற கஸ்டமர்கள் உடனே கிளம்பாமல் திண்ணையில் உட்கார்கிறார்கள். அது நல்லதா கெட்டதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

பாய்க்கு வருவோம். இகுசா என்கிற ஒருவகைக் கோரையில் நெய்தது. ஜப்பானில் குமமோட்டோ பக்கம்தான் இது நிறைய விளைகிறதாம், அங்கே வீட்டுத் தரையில் பரப்புகிற தத்தாமி மெத்தையின் மேல்பாயும் இதுதான். தண்டுக்குள்ளே பஞ்சு மாதிரி இருக்கும், காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். அவர்களுடைய கோடை ஜூலை, ஆகஸ்ட்டில், மழைக்காலம் முடிந்த கையோடு கசகசவென்று வரும். அதற்கு அந்தப் பாய் சரி. எங்கள் சித்திரைக் காற்றில் உறிஞ்ச என்ன ஈரம் இருக்கிறது? வாசனையை மட்டும் சொல்லியாக வேண்டும். பிரித்ததும் புதிதாகப் போட்ட வைக்கோல்போர் பக்கத்தில் நிற்கிற மாதிரி. மாமியார் அதில் படுத்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தார். ஆனால் ஓரத்தில் வைத்துத் தைத்த துணிப்பட்டை இருக்கிறதே, அங்குலத்துக்கு மூன்று தையல்! நான் அரிசிச் சாக்குக்குக்கூட அதைவிட நெருக்கமாகப் போடுவேன். இரண்டாம் வாரத்தில் ஒரு மூலை பிரிந்தது. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் பச்சையாகப் பூஞ்சை பிடித்தது. தண்ணீரில் கழுவக்கூடாது, தண்டு ஓடுகிற திசையிலேயே உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். துடைத்து, வெயில் வந்த ஒரு நாளில் காயவைத்து, சுருட்டிப் பரணில் போட்டுவிட்டேன். எங்கள் பழைய கோரைப்பாய் இன்னும் தரையில் கிடக்கிறது.

விசிறியைப் பற்றி இரண்டே வரி. நிஜமான ஜப்பானிய விசிறி, உச்சிவா, ஒற்றை மூங்கில் துண்டின் நுனியை மெல்லிய இழைகளாகக் கீறி விரித்து, மேலே காகிதம் ஒட்டுவது. இது பிளாஸ்டிக், பனையோலை விசிறி புழங்குகிற நாட்டில் இதற்கு என்ன வேலை.

கதவுத்திரையைப் பற்றி மட்டும் ஒரு தையல்காரியாக நிறையச் சொல்ல முடியும். நோரென் என்று பெயர். மேலே ஒரே துணியாக ஒட்டியிருக்கும், கீழே நடுவில் பிளந்திருக்கும், கையால் விலக்கிக்கொண்டு நுழையலாம். நல்ல யோசனை. காற்று வரும், பார்வை மறையும், கதவையும் சாத்த வேண்டாம். ஆனால் வந்தது பாலியெஸ்டர். கடல் அலை படம் அச்சடித்தது. பிளவு முடிகிற இடத்தில் ஒரு பார்டாக், அதாவது நெருக்கிப் போடுகிற கெட்டித் தையல், போட வேண்டாமா? ஆள் நுழைய நுழைய அங்கேதான் இழுவிசை விழும். ஒன்றும் போடவில்லை, மூன்று நாளில் ஒரு விரல் கிழிந்தது. சரி, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு என்னுடைய பழைய நெகமம் சேலை ஒன்றை வெட்டினேன். அரக்குப் பார்டரைக் கீழே வரும்படி விட்டு, மேலே கம்பி நுழைய ஒன்றரை அங்குலம் மடித்து, பிளவின் தலையில் உள்பக்கம் ஒரு முக்கோணத் துண்டு வைத்துத் தைத்தேன். மூன்று வாரம் தொங்கினது. எவ்வளவு அழகு!

அந்த மூன்று வாரமும் வியாபாரம் படுத்துவிட்டது. காரணம் புரியவே இல்லை. ஒருநாள் பால் சொசைட்டியில் பார்த்த அக்கா ஒருத்தர், "ரெண்டு மூணு தடவ வந்தேன் கண்ணு, துணி மறைச்சிருந்துது, உள்ள யாருக்கோ அளவு எடுக்கற போலன்னு திரும்பிட்டேன்" என்றார். பாருங்கள், ஜப்பானில் கடை வாசலில் நோரென் தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம், சாத்தும்போது கழற்றி உள்ளே எடுத்து வைப்பார்கள். எங்கள் ஊரில் லேடீஸ் டைலர் வாசலில் திரை தொங்கினால் உள்ளே வராதே என்று அர்த்தம். கழற்றி, ஓட்டு வீட்டுக்கும் அடுப்படிக்கும் நடுவே மாட்டிவிட்டேன். இப்போது தாளிக்கிற புகை மட்டும் அதைக் கேட்காமல் நுழைகிறது.

பார்லி டீ. முகிச்சா. பத்துப் பொட்டலம். வறுத்த பார்லியைத் தண்ணீரில் ஊறவைத்து, குளிர்ந்த பிறகு சர்க்கரை போடாமல் குடிப்பது. தேயிலை ஒரு துளியும் கிடையாது, அதனால் ராத்திரி குடித்தாலும் தூக்கம் போகாது. அங்கே கோடையில் குழந்தைகள் முதல் கிழவர்கள் வரை வீட்டுக்கு வீடு குடிப்பார்களாம். மாமியார் ஒரு வாய் குடித்துவிட்டு, "கம்பு கருகிப்போச்சாட்ட" என்று டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்குப் பிடித்தது. கேரளாவில் ஓட்டலில் உட்கார்ந்ததும் பதிமுகம் என்கிற மரச்சீவல் போட்டுக் காய்ச்சின ரோஸ் நிறத் தண்ணீர் வைப்பார்களே, அதைக் குடித்து வளர்ந்த நாக்குக்கு இது ஒன்றும் அந்நியமில்லை. பொட்டலம் தீர்ந்ததும் மளிகைக் கடையில் நீர்க்கடுப்புக்கு வாங்குகிற அதே பார்லியை வாங்கினேன். இரும்புச் சட்டியில், சின்னத் தீயில், கைவிடாமல் கிளற வேண்டும். முதலில் பொரிகிற சத்தம் வரும், அப்புறம் காபிக்கொட்டை நிறம் வரும், அதற்கு மேல் அரை நிமிஷம் விட்டால் மாமியார் சொன்னதுதான். இரண்டு பிடி பார்லிக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு வடிகட்டி, மண்பானையில் ஊற்றி வைத்தால் மத்தியானத்துக்குள் சில்லென்று இருக்கும். பொட்டலத்தைவிட இதுதான் மணம். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மட்டும் இது ஆகாது, பார்லிக்கும் அதே பசைச்சத்து உண்டு.

மிச்சம் மணி.

உடைந்ததற்குப் பதிலாக வந்த கண்ணாடி மணியும், அண்ணன் மகன் கொண்டுவந்த மணியும் ஒரே வாரத்தில் வீட்டுக்கு வந்தன. அவன் கொண்டுவந்தது இரும்பு. போன வருஷம் ஜூலையில் கவாசாக்கியில் ஒரு பெரிய கோயிலில் காற்றுமணிச் சந்தை நடந்ததாம், நாட்டின் எல்லா மாகாணத்து மணிகளும் அங்கே வரும், போய் வாங்கி வைத்திருந்தான். வடக்கே இவாத்தே மாகாணத்தில் வார்ப்பது. கெட்டில் வார்க்கிற அதே பட்டறைக்காரர்கள் இதையும் வார்ப்பார்கள். எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, கருப்பாக, கையில் வைத்தால் கனமாக இருந்தது.

பெட்டியில் வந்த கண்ணாடி மணி எதோ தப்பாக ஒலித்தது. டக், டக் என்று டம்ளரில் கரண்டி பட்ட மாதிரி. அவன் அதன் வாயைத் தடவிப் பார்க்கச் சொன்னான். வழவழவென்று சாணை பிடித்திருந்தது. டோக்கியோவில் ஊதிச் செய்கிற கண்ணாடி மணியில் வாய் விளிம்பைத் தேய்க்காமல் வெட்டின சொரசொரப்போடு விட்டுவிடுவார்களாம். நாக்கு அந்தச் சொரசொரப்பில் உரசும்போதுதான் அந்தக் கிணுகிணுப்பு வருகிறது. படமும் வெளியே இல்லை, உள்ளே தூரிகை விட்டு உள்பக்கமாக வரைவார்கள். என்னுடையதில் தங்கமீன் வெளிப்பக்கம் ஸ்டிக்கராக ஒட்டியிருந்தது. ஒரு செவுள் ஏற்கனவே உரிந்திருந்தது.

இரும்பு மணியை மேற்கு இறவாரத்தில் மாட்டினோம். கண்ணாடியைத் தூக்கிப் போட மனசில்லாமல் கிழக்கே, பின்வாசல் நிலையில் மாட்டினேன். சித்திரை மத்தியானம் இலை அசையாது. நாலரை மணி இருக்கும், மேற்கேயிருந்து முதல் காற்று வந்தது. மணி ஒரே ஒரு தடவை அடித்தது. ணீங் என்று ஆரம்பித்து, அடங்குகிறது, அடங்குகிறது, நான் மெஷினை மிதிக்காமல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அது முழுக்க அடங்கும்வரை கேட்டேன். கடிகாரம் 36.4 காட்டியது. ஒரு புள்ளி குறையவில்லை. ஆனால் கழுத்துப் பின்னால் காற்று படுவதற்கு முன்பே பட்ட மாதிரி இருந்தது.

மாமியாருக்குக் கண் அழுத்தம். ஏழு வருஷமாக வெளிச்சம் நிழல் மட்டும்தான் தெரியும். திண்ணையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து, "யாரு வண்டி போகுது?" என்றார். வண்டி ஒன்றும் போகவில்லை அத்தை, மணி என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அடுத்த தடவை அடித்தபோது, "பொள்ளாச்சிச் சந்தைக்கு விடியால மூணு மணிக்கு வண்டி கட்டுவாங்க. கடைசி வண்டி ஓடையத் தாண்டறவரைக்கும் இப்படித்தான் கேக்கும்" என்றார். அவர் வாழ்க்கைப்பட்டு வந்த காலத்தில் நாற்பது வண்டி போன ரோட்டில் நான் ஒரு வண்டிகூடப் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு அவர் ஒரு கணக்கு கண்டுபிடித்துவிட்டார். கண்ணாடி டக்கென்றால் காற்று கிழக்கே, இரும்பு ணீங்கென்றால் மேற்கே. வைகாசிக் கடைசியில் ஒருநாள் விடியற்காலை என்னை எழுப்பி, "அம்மணி, ராத்திரிப் பூரா மேக்க மணிதான். கிழக்க ஒருக்காக்கூட அடிக்கல. வெளிய காயற வெறகை எடுத்து உள்ள போடு" என்றார். வானத்தில் ஒரு மேகம் இல்லை. இருந்தாலும் போட்டேன். மூன்றாம் நாள் மழை. ஃபோனிலும் அதற்கு முந்தின நாளே சொன்னார்கள் என்பது வேறு விஷயம்.

இப்போது காற்று விஷயம். இந்த மணியைக் காற்றுக்கு ஏங்குகிற ஊருக்காகச் செய்திருக்கிறார்கள். எப்போதாவது ஒரு இழை காற்று வந்தால் அதை வீணாக்காமல் காதுக்குக் கொடுப்பதற்காக. பாலக்காட்டுக் கணவாயில் ஆனி பிறந்தால் அம்மியே நகரும். மணி நிற்கவே இல்லை. கணகணகணவென்று, பள்ளிக்கூடம் விட்ட மாதிரி, ராத்திரி பகலாக. அமைதி என்று பெட்டியில் எழுதியிருந்ததை நினைத்துச் சிரிப்பு வந்தது. நான்காம் நாள் அடுத்த வீட்டுக்காரர் மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "ஏனுங், ஏதாச்சும் வேண்டுதலுங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். அன்றைக்கே நாக்கை நூலால் கட்டிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து மாமியார், "மணிய அவுத்துட்டயா அம்மணி? காத்து எந்தப் பக்கம்னே தெரியல எனக்கு" என்றார்.

கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன். மணிக்குள்ளே நாக்கு, நாக்கிலிருந்து ஒரு நூல், நூலின் நுனியில் ஒரு நீளக் காகிதச் சீட்டு. காற்று மணியை ஆட்டுவதில்லை, அந்தச் சீட்டைத்தான் ஆட்டுகிறது. பாய்மரம் மாதிரி. அப்படியானால் பாயைச் சின்னதாக்கினால் போதும். காகிதம் ஆனி மழையில் ஏற்கனவே கூழாகியிருந்தது. சட்டைக் காலருக்குள் வைக்கிற பக்ரம் துணி என்னிடம் மீட்டர் கணக்கில் கிடக்கிறது. விறைப்பாக நிற்கும், நனைந்தாலும் சீக்கிரம் காயும். அதில் மூன்று அளவு வெட்டினேன். ஒன்பது அங்குலம் சித்திரைக்கு. நான்கு அங்குலம் ஐப்பசி, கார்த்திகைக்கு என்று ஒரு குத்துமதிப்பு. ஆடிக்கு ஒன்றேகால் அங்குலம், ஒரு தையல் லேபிள் அளவு. மேலே துளைக்குக் காஜா போட்டு, நூலில் சின்ன ஊக்கு கோத்து, மாற்றி மாற்றி மாட்டும்படி செய்துவிட்டேன். இப்போது பெருங்காற்று வீசும்போது மட்டும் ஒரு தடவை, இரண்டு தடவை அடிக்கிறது.

வாங்க நினைக்கிறவர்களுக்கு: பெட்டியாக வாங்காதீர்கள். மணி தனியாகக் கிடைக்கும். கண்ணாடி என்றால் ஆர்டர் போடுவதற்கு முன்பே விளிம்பு சாணை பிடித்ததா என்று கேளுங்கள், பதில் சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். இரும்பு கிடைத்தால் இரும்பு. மேல் கொக்கி வெறும் கம்பியாக இருந்தால் ஒரு வாஷர் போட்டு மாட்டுங்கள், எங்கள் பக்கத்துக் காற்றில் ஆறே வாரத்தில் கம்பி தேய்கிறது. பக்ரம் சீட்டு யாருக்காவது வேண்டுமானால் கடைக்கு வாருங்கள், வெட்டித் தருகிறேன். வாசலில் இப்போது திரை இல்லை.